ஓடுகிற பைக்கை மாற்றுவதா, பழைய பாஜாவைக் கட்டுவதா, ஓடி முடிந்த ரேஸ் பைக்கை வாங்குவதா?

"பல்சர் என்.எஸ். 200 கையில இருக்கு அண்ணே. இதையே போர் பண்ணி ரேஸுக்கு விடுவமா, இல்லாட்டி இத வித்துப்போட்டுப் பழைய பாஜா ஒண்டு எடுத்துக் கட்டுவமா?"

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தக் கராஜ் வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பாஜா என்பது ஹொண்டாவின் எக்ஸ்.ஆர். 250 பாஜா, மண்பாதைக்கும் ஏற்ற யப்பான் வண்டி. போர் பண்ணுவது என்றால் இஞ்சின் சிலிண்டரைக் கடைந்து பெருப்பிப்பது. கேட்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகத் தொடங்கிச் சில வருடமான இளைஞர். லீசிங் முடிந்திருக்கும், அல்லது முடியப்போகும். இப்போது மூன்றாவது கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "குருநாகல் பக்கம் ஒராள் ஓடின ரேஸ் பைக் விக்கிறாராம், அதையே எடுத்தா என்ன?"

மூன்று வழியிலும் போனவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மூன்றிலும் காசைக் கரைத்தவர்களும் இருக்கிறார்கள். கேட்கிற எல்லோரும் எந்த பைக் வேகம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கிழக்கில் இருந்துகொண்டு ரேஸ் ஓட நினைப்பவருக்கு அது நாலாவது ஐந்தாவது கேள்வி. பைக் தொடக்கக் கோடு வரை போய்ச் சேருமா, ஓடி முடிந்து வீடு திரும்புமா, அடுத்த நாள் வேலைக்கு எதில் போவீர்கள்? இதற்குப் பதில் வைத்திருப்பவர்தான் இரண்டாவது வருடமும் ஓடுகிறார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாழைச்சேனை தாண்டி வாகரைப் பக்கம் நேராகக் கிடக்கிற திருகோணமலை வீதியிலோ, இரவில் கல்லடிப் பாலத்திலோ "செக் பண்ணிப் பார்க்கிறது" இந்த ஒப்பீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. அதைக்கூட விடுங்கள். ராத்திரியில் தார் சூட்டுக்கு வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கும், பின்லைட் இல்லாமல் வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரத்துக்கும் நீங்கள் ரேஸ் ஓடுவது தெரியாது. ஓடுவதானால் கொடி காட்டுபவரும் அம்புலன்சும் நிற்கிற இடத்தில்தான்.

## எதை வைத்து அளப்பது

எந்தப் போட்டி. இதைத் தீர்மானிக்காமல் பைக்கைத் தீர்மானிக்க முடியாது. கிழக்கு மாகாணத்தில் நிரந்தர ஓடுபாதை எதுவும் இல்லை. நமக்குக் கிட்டக் கிடைப்பவை இராணுவம் நடத்தும் சூப்பர்குரொஸ்கள்: மின்னேரியாவில் பீரங்கிப் படையின் கன்னர்ஸ், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, தியத்தலாவையில் பொக்ஸ்ஹில். இவற்றில் மண்ணும் கிரவலும் வரும், மேடு தாவ வரும். சுத்தமான தார் ஓட்டம் வேண்டுமென்றால் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தைப் பழைய விமான ஓடுபாதைக்குப் போக வேண்டும், தீவின் மறுகரை. நுவரெலியாவில் 1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டமும் தார்தான், ஆனால் அது தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓடுவது, பக்கத்தில் ஆள் வராது. ஆக, செலவு குறைய ஓட நினைத்தால் நமக்கு வாய்ப்பது கிரவல். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

வகுப்பும் சிசியும். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் விதிப்பத்திரம் வரும். எத்தனை சிசி வரை, ஸ்டாண்டர்டா மொடிஃபைடா, தெரு வண்டியா டிரெயில் எனும் மண்பாதை வண்டியா, எந்த டயர் என்று அதில் இருக்கும். அதைப் படிக்காமல் லேத்துக்குப் போகக்கூடாது. ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். எக்ஸ்.ஆர். 250 பாஜாவின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 73 மில்லிமீற்றர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம், 59.5. அந்த உருளையின் கனவளவைக் கணக்குப் பார்த்தால் 249 சிசி. தேய்ந்துபோன புளொக்கை 0.25 மில்லிமீற்றர் பெருத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கடைந்தால் 250.7 சிசி ஆகிவிடும். கால் மில்லிமீற்றர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 250 வகுப்பின் எல்லையைத் தாண்டியாயிற்று. ஓவர்சைஸுக்கு விதியில் சலுகை இருந்தால் சரி. இல்லையென்றால் அளந்து பார்க்கிற அன்று பைக் வெளியே.

கடதாசி. வீதியில் ஓட்டுவதானால் பதிவுச் சான்றிதழ், வருட அனுமதிப்பத்திரம், அதற்கு முன் புகைப் பரிசோதனை. இஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு திருத்த வேண்டும். வீதியில் ஓட்டவே போவதில்லை என்றால் இந்தத் தலையிடி இல்லை, பதிலுக்கு வேறு தலையிடி வரும்.

சாமானும் கையும். பாகம் கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ கிடைக்குமா, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்க வேண்டுமா, யப்பானிலிருந்து ஓடர் பண்ணிக் காத்திருக்க வேண்டுமா? வேலை செய்யப்போவது யார்?

போய்வரும் செலவு. பட்டா லொறி, டீசல், உதவிக்கு ஒரு ஆள், ஒரு இரவு தங்கல்.

திங்கட்கிழமை. ஞாயிறு ஓட்டம் முடிந்து கிளட்ச் கருகி நிற்கிற வண்டியால் திங்கள் காலை உங்கள் சம்பளம் வெட்டுப்படுமா? நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.

## வழி 1: தினம் ஓடுகிற பைக்கையே மாற்றுவது

பல்சர் என்.எஸ். 200, அப்பாச்சி, எஃப்.இசட்., ஆர்15 இந்த வரிசைதான். அதிகம் கேட்கப்படுவது என்.எஸ். என்பதால் அதையே எடுப்போம்.

கடையிலிருந்து வரும்போதே அது சும்மா இஞ்சின் இல்லை. 199.5 சிசி, 72 மில்லிமீற்றர் போருக்கு 49 மட்டுமே ஸ்ட்ரோக், நாலு வால்வு, தண்ணீர்க் குளிர்ச்சி, மூன்று பிளக், 9500 சுற்றில் 23.5 குதிரைவலு. தொழிற்சாலையே பிழிய வேண்டியதில் பெரும்பகுதியைப் பிழிந்துவிட்டது. மிச்சத்தை எடுக்க கேம், பெரிய காபரேட்டர் அல்லது ஈ.சி.யு. எனும் இஞ்சின் கொம்பியூட்டர் வேலை, ஹெட் சீவுதல் என்று போனால், கிடைக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் முந்தினதை விடக் கூட விலை. ஹெட் சீவிக் கொம்பிரஷன் ஏற்றியவர் 92 பெற்றோலை மறந்துவிட வேண்டியதுதான். நொக்கிங் வரும், அதாவது பெற்றோல் தாறுமாறாக வெடித்து இஞ்சின் தட்டும், பிஸ்டன் தலை தின்னப்படும். 95 போடலாம், ஆனால் படுவான்கரைப் பக்கம் போய் மாட்டிக்கொண்டால் எல்லாச் செட்டிலும் 95 இருக்காது.

காசுக்கு அதிகம் தருவது சின்ன வேலைகள்தான். பின் ஸ்ப்ரொக்கட்டில் 39 பல்லுக்குப் பதில் 42 போட்டால், உச்ச வேகம் போனாலும் மூலையிலிருந்து கிளம்பும் இழுவை ஏறத்தாழ 8 வீதம் கூடும். இஞ்சினில் இந்த அளவு கூட்டத்திற்கு ஆகும் செலவை லேத்தில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் நல்ல பிரேக் பேட், ஸ்டீல் வலை போட்ட பிரேக் ஹோஸ், புது டொட் 4 பிரேக் ஒயில், விதி அனுமதிக்கும் நல்ல டயர். இவ்வளவும் செய்த பைக் வீதியிலும் முன்பை விடப் பாதுகாப்பாக நிற்கும். இந்த வழியில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி இதுதான்.

பிடிக்காதது, எல்லோரும் முதலில் செய்வது: ஏர் பொக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் நம் பக்கக் கடற்கரை வீதியில் காற்றோடு வருவது மாவு மாதிரி மணல். கிரவல் ஓட்டத்தில் முன்னால் போகிறவர் கிளப்பும் தூசி அதை விட மோசம். ஜெட்டிங், அதாவது காபரேட்டர் விடும் பெற்றோலின் அளவு, சரி பண்ணாமல் மாட்டினால் கலவை மெலிந்து பிளக் வெள்ளை வெளேரென்று வரும். கபில நிறத்தில் வர வேண்டியது வெள்ளையாக வந்தால் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் தூசி உள்ளே போனால் ரிங் சீக்கிரம் தேய்ந்து நீலப்புகை. ஏர் பொக்ஸ் இருக்கட்டும், நல்ல ஃபோம் ஃபில்டர் போடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். திறந்த சைலன்சரோடு புகைப் பரிசோதனையில் மாட்டலாம், சோதனைச் சாவடியில் மாட்டலாம். ரேஸ் ஓடும்போது நடந்த எதற்கும் காப்புறுதி பொறுப்பேற்காது. வீதியில் விபத்து நடந்தாலும் மாற்றிய வண்டி என்றால் கேள்வி வரும். விற்கும்போது "போர் பண்ணின வண்டியா?" என்று கேட்டுக் கழிப்பார்கள். ஆகவே கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக அம்மா. வண்டி வீட்டில் ஒன்றுதான் என்றால் அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஏற்றிப் போவதும் அதில்தான். சுருங்கிய ஹேண்டிலும் கல்லுப் போன்ற பின் ஷொக்குமாக அவரை ஏற்றிப் போய்ப் பாருங்கள், இறங்கும்போது சொல்வார்.

இது சரியாக வருவது: வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால். ஓடப்போவது எதையும் மாற்ற விடாத ஸ்டாண்டர்ட் வகுப்பு என்றால். அல்லது உங்களுக்கு வேண்டியது ஒரு தரம் ஓடிப் பார்க்கிற அனுபவம் மட்டும் என்றால். கிரவலுக்கு இந்த பைக்கைக் கொண்டுபோவதை நான் ஆதரிக்க மாட்டேன். 17 அங்குல அலோய் சில்லும் குறைந்த ஷொக் பயணமும் (ஷொக் அமுங்கும் தூரம்) தாவிக் குதிப்பதற்குப் பிறந்தவை இல்லை.

## வழி 2: பழைய யப்பான் 250 ஒன்றை எடுத்துப் பிரித்துக் கட்டுவது

எக்ஸ்.ஆர். பாஜா, எக்ஸ்.எல்.ஆர்., ஏ.எக்ஸ்.-1, எஃப்.டி.ஆர்., ஜெபல், செரோ. யப்பானில் ஓடி முடிந்து இங்கே வந்த வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக் விலையெல்லாம் எகிறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் இந்தப் பழைய 250களுக்கான ஆசை அடங்கவில்லை. ஆகவே "மலிவாகக் கட்டலாம்" என்ற பழைய கதையை நம்பாதீர்கள். இந்த வழி மலிவில்லை. ஆனால் போட்ட காசு ஓரளவு திரும்பி வருகிற வழி.

எதை எடுப்பது? கிரவலுக்கு பாஜா. காற்றுக் குளிர்ச்சி என்பதால் ரேடியேட்டர் உடையாது, கம்பிச் சில்லு அடி தாங்கும், ஷொக் பயணம் நீளம். ஏ.எக்ஸ்.-1 இஞ்சின் கெட்டிக்காரத்தனமானது. 70க்கு 64.8, இரட்டைக் கேம், தண்ணீர்க் குளிர்ச்சி, தாரில் பாஜாவை விட இனிமை. ஆனால் வார்ப்புச் சில்லோடு வந்ததை மேட்டில் தாவ விட்டால் வெடிப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். எஃப்.டி.ஆர். 223 சிசிதான், லேசான வண்டி, பழகுவதற்கு அருமை. 250களோடு நேர்கோட்டில் பின்தங்கும்.

வாங்கப் போகும்போது இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நம் கரையில் வண்டியைத் தின்பது இஞ்சின் தேய்வை விட உப்பு. கல்லடியில், காத்தான்குடியில், காரைதீவில் கடல் பக்கம் நின்ற வண்டியின் பெற்றோல் தாங்கியைக் கழற்றச் சொல்லுங்கள். தாங்கி குந்தியிருக்கும் இடத்தில், பிரேமின் மேற்குழாயில், பெயின்ற் கொப்பளித்திருக்கும். விரல் நகத்தால் கீறிப் பார்த்தால் செதில் செதிலாக வரும். அடுத்தது ஸ்போக் நிப்பிள். சாவி போட்டால் திரும்பாமல் ஸ்போக்கே முறுகினால், சில்லு இரண்டையும் புதிதாகக் கட்ட வேண்டும் என்று விலையில் கழியுங்கள். ஸ்விங் ஆர்ம் போல்ட் கழன்று வருகிறதா என்று பார்க்காமல் வாங்கியவர்கள் கடைசியில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உள்நாட்டில், அம்பாறை டவுன் பக்கமோ மகாஓயாப் பக்கமோ நின்ற வண்டி பெரும்பாலும் இதில் தப்பியிருக்கும். விலை கொஞ்சம் கூட என்றாலும் அதை எடுங்கள்.

பாஜாவில் இன்னொரு விஷயம். அதன் ஒயில் பிரேமுக்குள் இருக்கிறது, அளவுக்கோல் ஹேண்டிலுக்குக் கிட்ட. ராத்திரி முழுக்க நின்றால் ஒயில் கீழே இஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் கோலைத் தூக்கிப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். "ஒயிலே இல்லை" என்று அரை லீற்றர் ஊற்றுவார்கள். ஓட ஆரம்பித்ததும் மிதமிஞ்சியது ஏர் பொக்ஸுக்குள் தள்ளும், ஃபில்டர் நனையும், வண்டி மூச்சடைக்கும். பிறகு காபரேட்டரைப் பிரிப்பார்கள். இஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டு, நிறுத்தி, உடனே பார்க்க வேண்டும். இது தெரிந்த கராஜா என்று கேட்பதே அந்தக் கராஜுக்கு ஒரு பரீட்சை.

கை விஷயத்தில் நம் பக்கம் ஏழை இல்லை. உழவு இயந்திரம், போட் இஞ்சின், அரிசி ஆலை என்று பழகிய லேத்காரர்கள் கரையோரம் எங்கும் இருக்கிறார்கள். புளொக்குக்கு லைனர் இறக்கிப் போர் அடிப்பதில், புஷ் கடைந்து தருவதில் அவர்களை நம்பலாம். சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு காக்கா இருக்கிறார், மைக்ரோமீற்றரைக் கையில் எடுக்காமல் ஒரு வேலையையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். ஜெட்டிங், ஷொக் செற்றிங் வேறு வித்தை. அதற்கு ஓடிப் பார்த்துத் திருத்துகிற பொறுமைதான் வேண்டும்.

கட்டும்போது காசு போக வேண்டிய ஒழுங்கு இது: பிரேமும் பேரிங்கும், ஷொக்கும் முன் ஃபோர்க் சீலும், பிரேக், சில்லும் டயரும், கடைசியில் இஞ்சின். பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இஞ்சினில் முதல் வருடத்துக்கு அசல் போரில் புது ரிங், வால்வ் லாப்பிங், புதுக் கேம் செயின், கிளட்ச் பிளேட், சரியான ஜெட் போதும். 250 எல்லைக்குள்ளும் இருக்கும். ஸ்டாண்டைக் கழற்று, கண்ணாடியையும் லைட்டையும் கழற்று, ஒயில் வடிக்கும் நட்டைக் கம்பியால் கட்டு, கில் சுவிட்ச் வேலை செய்கிறதா பார் என்பதெல்லாம் தொழில்நுட்பப் பரிசோதனைக்கு முந்தின வாரத்து வேலை.

மறைந்த செலவு நேரம். ஒரு சின்ன கேஸ்கட்டுக்காக வண்டி வாரக்கணக்கில் மேசையில் கிடக்கும். பஞ்சிகாவத்தையில் கிடைப்பது பழையதைக் கழுவி வைத்ததாகவும் இருக்கலாம். கார்த்திகை, மார்கழி மாரியில் வீட்டை விட்டு இறங்க முடியாத நாட்களில் கட்டத் தொடங்கினால் வெயில் வரும்போது வண்டி நிமிரும். தை பிறந்தபின் தொடங்கினால் அந்த வருடத்தை மறந்துவிடுங்கள்.

கடதாசியில் கண்ணைத் திறந்து வையுங்கள். பாகம் பாகமாக வந்ததைப் பொருத்தி, வேறு வண்டியின் இலக்கத்தைக் குத்தி விற்கிற வேலை நாட்டில் நடக்கிறது. ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும் சசி இலக்கத்தை விளக்கடித்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி அரம் தேய்த்த அடையாளம், புதுப் பெயின்ற், கோணலான இலக்கம் இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வாருங்கள்.

இது சரியாக வருவது: தினம் ஓட வேறு வண்டி இருக்கிறது, ஒரு மூலை ஷெட் இருக்கிறது, ஸ்பானர் பிடிப்பதே பாதி சந்தோஷம் என்றால். பதிவோடு இருக்கிற பாஜா என்றால் லைட்டைத் திரும்ப மாட்டி மற்ற நாட்களில் உன்னிச்சைப் பக்கமோ பொத்துவில் பக்கமோ போய் வரவும் ஆகும்.

## வழி 3: ஓடின ரேஸ் பைக்கை அப்படியே வாங்குவது

எந்த பைக்கையும் கட்டி முடித்தவர் பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் அந்த விலைக்கு அது விற்காது. வாங்குகிறவருக்கு அதுதான் இலாபம். ஷொக் செற் பண்ணி, கியர் விகிதம் பார்த்து, வகுப்பில் பரிசோதனை பாஸான வண்டி. கணக்குப் போட்டால் தொடக்கக் கோட்டுக்கு மிகக் கெதியாகப் போகிற வழி இது.

ஆனால் ஏன் விற்கிறார்? பெரிய வண்டிக்கு மாறுகிறார் என்றால் நல்லது. "சும்மா நிக்குது" என்றால் கவனம். போய்ப் பார்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் பிடிக்கும் இடத்திலும் ஸ்விங் ஆர்ம் மூட்டிலும் மேல்வெல்டிங் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் கியரில் முழு இழுவை கொடுத்து, கியர் துள்ளி விழுகிறதா பாருங்கள். முன் ஃபோர்க் இரண்டும் நேராக இருக்கிறதா என்று முன்னால் குந்தியிருந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

தெரு வண்டியிலிருந்து கட்டியதா, பிறப்பிலேயே மோட்டோகுரொஸா, அதாவது மண் ஓட்டப் போட்டிக்கென்றே செய்ததா, என்பது பெரிய வித்தியாசம். தொழிற்சாலை மோட்டோகுரொஸ் இஞ்சினுக்கு ஆயுள் கிலோமீற்றரில் இல்லை, மணித்தியாலத்தில். அத்தனை மணி ஓடினால் பிஸ்டன், இத்தனை மணிக்கு வால்வ் என்று கையேட்டிலேயே இருக்கும். அந்தப் பிஸ்டனை மட்டக்களப்பில் தேடிப் போக முடியாது. முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் பழகுவது. பதிவில்லாத வண்டியை பெற்றோல் செட் வரைகூட வீதியில் கொண்டுபோக முடியாது. கடற்கரை மணலில் பழகலாம் என்பார்கள். அது வலை இழுக்கிறவர்களும் பிள்ளைகளும் நிற்கிற இடம், செயினுக்கும் எமன். சொந்த வயல், தென்னந்தோட்டம் உள்ள நண்பர் இருந்தால், அறுவடை முடிந்த பின் அவரிடம் கேட்டு ஓடலாம். இல்லையென்றால் போட்டி நாளிலேயே அந்த வண்டியோடு அறிமுகமாகிறீர்கள்.

இந்த வழியில் பட்டா செலவு தவிர்க்க முடியாதது. மின்னேரியா என்றால் வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாக ஒரே நாளில் போய் வரலாம். மட்டக்களப்பிலிருந்து தியத்தலாவைக்குச் செங்கலடியால் பதுளை ஏறி, அக்கரைப்பற்றிலிருந்து என்றால் பொத்துவில், சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாக. அங்கே ஒரு இரவு தங்கல் நிச்சயம். கட்டுக்குருந்தை என்றால் இரண்டு. பெற்றோலை வடித்துவிட்டு ரயிலில் பார்சலாக அனுப்பலாம்தான், ஆனால் போட்டிக் காலையில் வண்டி இன்னும் வரவில்லை என்ற தொலைபேசி அழைப்பைத் தாங்கும் மனம் வேண்டும்.

இது சரியாக வருவது: இரண்டு மூன்று பேர் சேர்ந்து பங்கு போட்டால். கட்டுவதில் ஆசை இல்லை, ஓடுவதில்தான் என்றால். முன்பே ஒன்றிரண்டு போட்டி ஓடிப் பழகியிருந்தால்.

## ஒரே பார்வையில்

| | தினம் ஓடும் பைக் | பழைய யப்பான் 250 | ஓடின ரேஸ் பைக் |
|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | கூட | நடுத்தரம் முதல் கூட |
| பிந்திய செலவு | மெதுவாக ஏறிக்கொண்டே போகும் | கட்டி முடிந்தால் அடங்கும் | ஒவ்வொரு ஓட்டத்துக்கும் |
| பாகம் | ஊரிலேயே | பஞ்சிகாவத்தை அல்லது ஓடர் | வண்டியைப் பொறுத்தது |
| கிரவலில் | பொருந்தாது | நன்று | நன்று |
| தாரில் | நன்று | டயர் மாற்றினால் சரி | கட்டிய விதத்தைப் பொறுத்தது |
| வீதியில் | ஓடும், ஆனால் கேள்வி வரும் | பதிவு இருந்தால் ஓடும் | ஓடாது |
| தொடக்கக் கோட்டுக்கு | சில வாரம் | ஒரு மாரி | உடனே |
| திங்கட்கிழமை | ஆபத்து | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| விற்றால் | அடிபடும் | ஓரளவு திரும்பும் | வாங்குகிற ஆள் குறைவு |

மூன்றுக்கும் பொதுவான ஒரு பட்டியலைக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறக்கிறார்கள்: தரமான முழுமுகத் தலைக்கவசம், கணுக்கால் மூடும் பூட்ஸ், கையுறை, முழங்கால் முதுகுக் காப்பு, போட்டி அனுமதிப்பத்திரம், நுழைவுக் கட்டணம். இவற்றை முதலில் வாங்குங்கள், மிஞ்சியதில் பைக். மிஞ்சவில்லையென்றால் அடுத்த வருடம் ஓடலாம்.

## என்னிடம் கேட்டால்

என்.எஸ். ஒன்றை வைத்துக்கொண்டு அதில்தான் வேலைக்கும் போகிறவர் அதைத் தொடக்கூடாது. பிரேக்கையும் டயரையும் ஸ்ப்ரொக்கட்டையும் தவிர. ரேஸ் ஆசையைத் தனி வண்டிக்கு ஒதுக்குங்கள். அந்தத் தனி வண்டி, கையில் கருவியும் பொறுமையும் உள்ளவருக்கு பாஜா. கூட்டாளிகள் உள்ளவருக்கு, தெரு வண்டியிலிருந்து கட்டி ஓடின ரேஸ் பைக். இரண்டுக்கும் இப்போது காசு காணாது என்றால் இருக்கிற பைக்கை விற்காதீர்கள். விற்றவர்களில் பலர் இரண்டு வருடத்தில் பாதி கட்டிய பாஜாவோடும் பஸ் பாஸோடும் நிற்கிறார்கள்.

எதை வாங்குவதானாலும் முதலில் ஒரு தரம் மின்னேரியாவுக்குப் போங்கள், ஓட அல்ல, ஏற்கெனவே ஓடுகிற யாருக்காவது ஸ்பானர் எடுத்துக் கொடுக்க. வண்டிகள் நிற்கிற பக்கம் சுற்றி வந்து, எந்த வகுப்பில் எந்த மொடல் அதிகம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதையே எடுங்கள். காலையில் விழுந்து கிளட்ச் லீவர் உடைந்தால், மட்டக்களப்புக்கு ஆள் அனுப்பாமல் பக்கத்துக் கூடாரத்திலேயே இரவல் கிடைக்கும்.